ஏழாம் வாய்க்கால் இடாப்பு

செப். 3, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலிருந்து புழுதி. மேசையை மூன்று தரம் துடைத்தாயிற்று, மூன்று தரமும் வீண்.

யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோரிலிருந்து சுற்றறிக்கை. கிளிநொச்சிப் பக்கத்தில் என் மேற்பார்வையில் இருக்கும் வளர்ந்தோர் கல்வி வகுப்புகள் ஐந்து. வரும் நிதியாண்டுக்கு மூன்றுக்குத்தான் பணமாம். எந்த இரண்டை மூடலாம் என்று நான் சிபாரிசு செய்ய வேண்டும். பதினான்காம் திகதிக்குள். இந்த மாதம் முப்பதுடன் ஆண்டுக் கணக்கு மூடப்படும். அதற்குப் பிறகு யார் அழுதாலும் ஒன்றும் நடக்காது.

திட்டம் திட்டம் என்று கொழும்பில் தடித்தடிப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். நாட்டில் எழுத வாசிக்கத் தெரியாதவன் ஒருவனும் இருக்கக்கூடாதாம். கடைசியில் வந்து சேர்வது அரைத் தாள், ‘இரண்டை வெட்டு’ என்று.

செய்ய வேண்டியவை:
– சைக்கிள் பின் ரியூப் ஒட்ட.
– மனோன்மணிக்குத் திருவலை. பழையதன் பல் தேய்ந்துவிட்டது. தேங்காய் துருவும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகிறாள்.
– ஓமத் தண்ணீர். வயிறு இரண்டு நாளாகச் சரியில்லை.
– வகுப்புகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்க்க. சொல்லிவிட்டுப் போனால் றோட்டில் போகிறவனையும் பிடித்து இருத்திவைத்திருப்பார்கள்.

செப். 5, வியாழன்

கண்டாவளை வகுப்பு காலையில் பார்த்தது. பரவாயில்லை. இன்னும் பத்துப் பேருக்கு இடம் இருக்கிறது.

பின்னேரம் நாலரைக்கு இரணைமடுவுக்குக் கீழே ஏழாம் வாய்க்கால் குடியேற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற சனம். வகுப்பு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால் உள்ள கொட்டிலில். வாத்தியார் சின்னத்துரை, ஐம்பது வயது, தானும் வயல் செய்கிறவர். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. அப்போதே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

வரவு இடாப்பில் இருபத்துநான்கு பேர். அத்தனையும் ஆண்கள். வாங்குப் பலகையில் இருந்தது ஆண்கள் ஆறு, பெண்கள் பதினைந்து!

நான் பேர் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் எவனும் ‘ஓம்’ என்பான். இடாப்பை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, அவரவர் தம் பேரைச் சொல்லட்டும் என்பேன். இது என் சொந்த முறை. ஆண்கள் ஆறு பேரும் சொன்னார்கள். நாலு பேருடையதுதான் இடாப்பில் இருந்தது. பிறகு முன்வரிசைப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் காய்ந்த சேறு.

‘பூரணம், ஐயா.’

‘பூரணம் எண்டு இதிலை ஒருத்தரும் இல்லை. எந்தப் பேரிலை வாறீர்?’

பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

‘கேட்டது விளங்கேல்லையோ? இடாப்பிலை உமக்கு என்ன பேர்?’

தலையைக் குனிந்துகொண்டு சிலேட்டை எடுத்தாள். எழுதத் தொடங்கினாள்.

‘சிலேட்டை வையும். வாயாலை சொல்லும்.’

வைத்துவிட்டாள். அடுத்தவளும் அப்படி. அதற்கடுத்தவளும். பதினைந்து பேரும் ஊமை.

வாத்தியார் குறுக்கே வந்தார். ‘ஐயா, உதிலை ஒரு முறை இருக்கு…’

‘முறையோ, முறைகேடோ?’ என்றேன்.

நல்ல பதில். வழியெல்லாம் நினைத்துச் சிரித்தேன். கள்ள இடாப்பு, வேறென்ன. இல்லாத ஆட்களின் பேரைப் போட்டு, வேறு ஆட்களைப் பிடித்து இருத்தி, மாதாமாதம் படிக்காசை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வரும் வழியில் மறுபடி காற்றுப் போய்விட்டது. இரண்டு கட்டை தூரம் உருட்டினேன்.

செப். 6, வெள்ளி

அறிக்கை எழுதி முடித்தாயிற்று. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மூட வேண்டியவை: ஒன்று, மாங்குளம் றோட்டு வகுப்பு (அங்கே ஆளே இல்லை). இரண்டு, ஏழாம் வாய்க்கால். ஒரு வசனம் எனக்கே பிடித்துவிட்டது: ‘இடாப்பிலுள்ள தமது பெயரைத் தாமே சொல்ல இயலாத மாணவர்கள்.’ ஆங்கிலத்தில் இன்னும் எடுப்பாக இருக்கிறது.

மத்தியானத் தபாலில் போயிற்று. எட்டு நாள் முந்தி! என்னைப் போல வேலை செய்ய யார் இருக்கிறார்கள்?

வயிறு தேவலை.

செப். 10, செவ்வாய்

யாழ்ப்பாணத்துக் கந்தோர்ப் பெரியவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. ‘மிகச் சிறந்த அறிக்கை. இப்படியான கண்டிப்புத்தான் தேவை.’ இருபத்தாறாம் திகதி அத்தியட்சகர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை, யாழ்ப்பாணத்தில். குழுவுக்கும் இந்த அறிக்கையைக் காட்டப்போகிறாராம்.

மனோன்மணிக்கு வாசித்துக் காட்டினேன். ‘அப்ப யாழ்ப்பாணத்துக்கு மாத்தம் வருமோ?’ என்றாள். பிறகு, ‘திருவலை?’

செப். 15, ஞாயிறு

இதை எழுதவே கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் கிணற்றடியில் சவரம். முகமெல்லாம் சவர்க்காரம். வாசலில் ஒரு ஆள், வாக்காளர் இடாப்புக்குப் பேர் பதிய வந்தவர். மனோன்மணி போய்க் கதைத்தாள்.

‘வீட்டுக்காரற்றை பேர் என்னம்மா?’

‘ஒரு நிமிசம் நில்லுங்கோ.’

உள்ளே போனாள். என் பேருக்கு வந்த பழைய கடித உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் உரத்து வாசித்தார். ‘இதுவோ?’

‘ஓம், அதுதான்.’

நான் அங்கிருந்தே சத்தம் போட்டேன். ‘ஏன், வாயாலை சொன்னா முத்து உதிர்ந்துபோமோ?’

‘நல்ல கதை! உங்கட பேரை நான் சொல்லுறதோ?’

சிரித்தேன். சவர அலகை மறுபடி கன்னத்தில் வைத்தேன். அவ்வளவுதான். கை நின்றுவிட்டது.

இடாப்பில் இருந்தது புருசன்மாரின் பேர்.

அந்தப் பதினைந்து பேரும் சொல்லத் தெரியாமல் இருக்கவில்லை. சொல்லக்கூடாத பேர். அவள் அதை எழுதிக் காட்டத்தான் சிலேட்டை எடுத்தாள். வையும் என்றவன் நான். எழுத்துப் படித்தாளா என்று பார்க்கப் போன மனுசன், எழுதப் போனவளை எழுதாதே என்று மறித்தேன்.

எனக்குத் தெரியாத வழக்கமா? அம்மா சாகும்வரை அப்பாவின் பேரைச் சொன்னதில்லை. அப்பாவின் பேரில் தொடங்குகிறது என்று முருங்கைக்காயைக்கூட ‘நீட்டுக்காய்’ என்பாள். மனோன்மணி கட்டி வந்து பதினான்கு வருடம், ‘இஞ்சேருங்கோ’தான். கையில் இடாப்பும் காலில் சப்பாத்தும் ஏறிவிட்டால் இதெல்லாம் மறந்துபோகுமா? விசரன். பெரிய விசரன்.

சாப்பாடு இறங்கவில்லை. ‘வயிறோ?’ என்று கேட்டாள். ஓம் என்றேன்.

செப். 16, திங்கள்

கந்தோரில் சொல்லாமல் ஏழாம் வாய்க்காலுக்குப் போனேன். புழுதி விதைப்புக்கு உழுகிறார்கள். சின்னத்துரை வாத்தியார் வரம்பில் நின்றார். என்னைக் கண்டு மண்வெட்டியை வைத்தார். இருக்கச் சொல்லவில்லை.

கேட்டேன். சொன்னார்.

‘ஐயா, இஞ்சை எல்லாம் காணிக்கு ஒண்டு. தண்ணி காணிக்கு ஒரு முறை. விதைநெல் காணிக்கு ஒரு பங்கு. அரசாங்கம் மண்வெட்டி குடுத்தாலும் காணிக்கு ஒண்டுதான். வகுப்பெண்டு நோட்டீஸ் வர, அதுவும் காணிக்கு ஒரு இடமெண்டு சனம் நினைச்சிட்டுது. காணிப் பெர்மிட்காரன்ரை பேரைத்தான் தந்தவை. அண்டண்டைக்கு வயலிலை வேலை இல்லாத ஆள் வந்து இருக்கும். ஒருநாள் புருசன், ஒருநாள் பெண்சாதி, ஒருநாள் தம்பி. வந்த ஆள் வீட்டை போய் மற்ற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கும்.’

‘நீங்கள் திருத்தியிருக்க வேணுமே, வாத்தியார்?’

‘திருத்தினா இருபத்திநாலு பேர் படிப்பினம். விட்டா அறுபது பேர் படிக்கினம். நான் விட்டிட்டன்.’

‘அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?’

‘சொல்ல விட்டனீங்களோ?’

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. மரியாதையாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசம்.

திரும்பும்போது சங்கக்கடை வாசலில் பூரணம். சுவரில் ஒட்டிய அறிவித்தல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டுக்கு உதவிப் பெண்கள் நாலு பேர் வேண்டுமாம். எழுத வாசிக்கத் தெரிய வேண்டும். வளர்ந்தோர் வகுப்புச் சான்றிதழ் போதும். அவள் எனக்கு அதை வாசித்தே காட்டினாள். எழுத்துக் கூட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

‘கார்த்திகையிலை சான்றிதழுக்குச் சோதினை ஐயா. இவருக்கு மாடு இடறிக் கால் முறிஞ்சு போச்சுது. இந்தப் போகம் வயலிலை இறங்கேலாதாம். எனக்கு உந்த வேலை கிடைச்சா, கூலிக்கு ஆள் பிடிச்சு விதைச்சுப்போடுவம். விதைக்காட்டி காணியை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினமெண்டு பயமாக் கிடக்கு.’

சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

‘வகுப்பை மூடப்போறியள் எண்டு சனம் கதைக்குது. வகுப்பு இருக்குந்தானே ஐயா?’

‘இருக்கும்’ என்றேன். ‘சோதினைக்கு உம்மட பேரையும் மாத்தித் தாறன்.’

ஏன் சொன்னேன்? கையில் ஒரு அதிகாரமும் இல்லை. அறிக்கை போய்ப் பத்து நாள். ஆனால் அந்த நேரத்தில் அதைத்தவிர வேறொரு சொல்லும் வாயில் வரவில்லை.

செப். 17, செவ்வாய்

கடிதம் எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். ஏழாம் வாய்க்கால் பற்றிய என் அவதானிப்புப் பிழை, பெண்கள் கணவர் பெயரில் பதியப்பட்டவர்கள், கணவர் பெயரைச் சொல்லாதது இங்குள்ள வழக்கம், இடாப்பைத் திருத்தி வகுப்பைத் தொடர வேண்டுகிறேன், கிராமத்தில் பயன்பெறுவோர் பதிவை விடப் பல மடங்கு. நல்ல கடிதம். முதல் அறிக்கையை விட நல்ல கடிதம்.

உறையில் போட்டேன். ஒட்டினேன். தபாற்கந்தோர் வரை போனேன்.

திரும்பி வந்துவிட்டேன்.

யோசித்தது இதுதான். இன்னும் ஒன்பது நாளில் நேர்முகம். பெரியவர் அந்த அறிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது பிழை என்று இப்போது நானே எழுதினால் அவர் முகத்தில் கரி. பிறகு எனக்கு ஏது பதவி? இருபத்தாறு முடிய, இருபத்தேழில் போடலாம். முப்பதுக்கு மூன்று நாள் இருக்கும். ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று நாள் காணாதா?

காணும்.

செப். 21, சனி

அரை நாள் கந்தோர். பின்னேரம் மனோன்மணி அலுமாரி ஒதுக்கினாள். கஞ்சி போட்ட சேட்டுகளுக்கு நடுவே கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

‘இதென்ன, முத்திரை ஒட்டிக் கிடக்கு? போட மறந்திட்டியளோ?’

எல்லாம் சொன்னேன். அவள் சேட்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

‘அந்தப் பிள்ளைக்கு இருக்குமெண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்களோ?’

‘ஓம்.’

‘அப்ப இண்டைக்கே போடுங்கோ.’

‘ஒரு கிழமைதானே? நீர் சும்மா இரும். உமக்குக் கந்தோர் விசயம் விளங்காது.’

‘ஓமோம். எனக்கு விளங்காதுதான்.’

கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முருங்கைக்காய்க் குழம்பு.

செப். 24, செவ்வாய்

வெயில் சுடுகிறது. மேற்கே முகில் கட்டுகிறது, பெய்வதில்லை.

சந்தியில் தேத்தண்ணிக் கடை. பின் வாங்கில் ஏழாம் வாய்க்கால் ஆட்கள் இரண்டு பேர். என்னைத் தெரியாது போல.

‘வகுப்பைப் பூட்டுறாங்களாம்.’

‘ஆர் சொன்னது?’

‘கதை அடிபடுது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடம் குடான். அரசாங்கம் தரும், நடுவிலை நிக்கிறவன் விடான்.’

‘சீச்சீ. அந்த ஐயா அப்பிடி இல்லை. இருக்குமெண்டு பூரணத்துக்குச் சொல்லிப்போட்டுப் போனவராம். முதல் நாள் கொஞ்சம் துள்ளினவர்தான். பிறகு தானே தேடிவந்து கேட்டவர். நல்ல மனுசன்.’

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். திட்டியிருந்தால் குடித்து முடித்திருப்பேன்.

செப். 26, வியாழன்

யாழ்ப்பாணம். காலை றெயில். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு, கழுத்தை அறுத்தது.

குழுவில் மூன்று பேர். பெரியவர் நடுவில். வலப்பக்கம் கொழும்பிலிருந்து வந்த துரை ஒருவர், கையில் என் அறிக்கை. அந்த வசனத்தை உரத்து வாசித்தார். ‘தமது பெயரைத் தாமே சொல்ல இயலாத மாணவர்கள்!’ மூவரும் சிரித்தார்கள்.

‘இதை எப்படிக் கண்டுபிடித்தீர்?’ என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ‘ஐயா, அது என் பிழை’ என்று. வாயைத் திறந்தேன். என் முறையை விளக்கினேன். இடாப்பை மூடி வைத்துக்கொண்டு, அவரவர் பேரை அவரவர் சொல்ல வைப்பது. அவர் குறிப்பெடுத்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வந்தபின் பெரியகடையில் திருவலை வாங்கினேன். நல்ல இரும்பு.

செப். 27, வெள்ளி

விடியவே போய்க் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். பாரம் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை.

மனோன்மணிக்குத் திருவலை பிடித்துக்கொண்டது. வாங்கி வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

செப். 30, திங்கள்

ஒரு பதிலும் இல்லை. பதினொரு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் தபாற்காரனைக் கேட்டேன். ‘உங்களுக்கு ஏதும் காசுக் கட்டளையோ ஐயா?’ என்று சிரித்தான்.

பின்னேரம் நாலு மணி. கந்தோரில் பழைய ஆண்டுக் கோவைகளைக் கட்டி மேல் தட்டில் ஏற்றினார்கள். நானும் ஒரு முனை பிடித்தேன்.

அக். 4, வெள்ளி

பதில் வந்தது. மரியாதையான கடிதம். 27ஆம் திகதி நான் போட்ட கடிதம் சனி மத்தியானம் கந்தோர் பூட்டியபின் சேர்ந்ததாம். திங்கள்தான் திறந்தார்களாம். மூட வேண்டிய வகுப்புகளின் பட்டியல் வெள்ளித் தபாலிலேயே கொழும்புக்குப் போய்விட்டதாம். முப்பதுடன் ஒதுக்கீடு முடிந்துவிட்டதால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த ஆண்டு திட்டமிடும்போது கவனிக்கப்படும்.

வெள்ளி. நான் கடிதம் போட்ட அதே நாள். என் கடிதம் வடக்கே போக, பட்டியல் தெற்கே வந்திருக்கிறது. இரண்டும் எங்கேயோ ஒரு ஸ்டேசனில் ஒன்றையொன்று கடந்திருக்கும். வியாழன் ஒரு வாய் சொல்லியிருந்தால். பதினேழாம் திகதி தபாற்கந்தோர்ப் படி ஏறியவன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால்.

‘அடுத்த ஆண்டு’ம் அவர்கள் திட்டமும்! மாடு இடறிய காலுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறதா?

கடிதத்தின் கடைசிப் பந்தி: மூடப்பட்ட நிலையங்களிலிருந்து அரசாங்க உடைமைகளை மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது போய், சூரியனையும் கழற்றிக்கொண்டு வா என்கிறார்கள்.

அக். 8, செவ்வாய்

முதல் மழை. தூறல்தான். மண் வாசம்.

வண்டிலில் போனேன். பொறுப்பேற்றவை: கரும்பலகை 1, சோக்குப் பெட்டி 2 (ஒன்று திறந்தது), அரிச்சுவடி 24, சிலேட்டு 24, லாம்பு 1. ஒன்றும் குறையவில்லை. ஒரு சிலேட்டுக்கூட உடையவில்லை. வாத்தியார் சின்னத்துரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருந்தார். ஒப்பமிட்டார். ‘வாறன் ஐயா, விதைப்புக் கிடக்கு’ என்று போய்விட்டார்.

பூரணம் வந்தாள். கொட்டிலுக்குள் வரவில்லை, வெளியில் தூறலில் நின்றாள்.

‘இருக்குமெண்டு சொன்னியள்.’

‘ஓம். சொன்னனான்.’

‘இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே ஐயா. நான் கண்டாவளை வகுப்பிலை போய்ப் பேர் குடுத்திருப்பன். அங்கை அப்ப இடம் இருந்தது. ஏழு கட்டை எண்டாலென்ன, நடந்திருப்பன். நேத்துப் போனன். சோதினைக்குப் பேர் எடுக்கிறது முப்பதோடை முடிஞ்சுதாம். உங்கட சொல்லை நம்பி நிண்டிட்டன்.’

குரல் உயரவில்லை. அழவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத் தெரியும், கண்டாவளையில் பத்து இடம் இருந்தது. நானே பார்த்து நானே எழுதிவைத்தது. அன்றைக்குச் சங்கக்கடை வாசலில் ‘கண்டாவளைக்குப் போம்’ என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? நல்லவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. வேறொன்றுமில்லை.

‘வீட்டுக்காரருக்கு எப்பிடி இருக்கு?’ என்று கேட்டேன். கேட்க வேறு என்ன இருக்கிறது.

‘கிடக்கிறார். காணியைப் பாதிக்குப் பாதி பங்குக்குக் குடுத்திட்டம். நான் நாளையிலை இருந்து பரந்தனிலை நெல்லுக் குத்தப் போறன்.’

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்று நினைக்கிறேன். வண்டில்காரன் கூப்பிட்டான், மழை பெருக்கப்போகிறது என்று. சிலேட்டுகளுக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

அக். 12, சனி

அடை மழை. வாய்க்காலெல்லாம் ஓடுகிறதாம். கந்தோர் மூலையில் கரும்பலகை சாத்தியிருக்கிறது. எல்லாரும் அதில் தொப்பி மாட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த நாலு இடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று விசாரித்தேன். தலைமைத் தாதி மேற்றனிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் நன்றாக வாசிப்பாள், நானே கேட்டேன் என்றேன். ‘சான்றிதழ் இல்லாமல் எப்படி? உங்கள் திணைக்களம் போட்ட சட்டந்தானே’ என்றார். சரிதான்.

அக். 18, வெள்ளி

பதவி கிடைத்தது. வடக்குப் பகுதி அத்தியட்சகர். முதலாந் திகதியிலிருந்து யாழ்ப்பாணம். கந்தோரில் எல்லாருக்கும் கேக்கும் சோடாவும் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாலை போட்டார்கள்.

அதே தபாலில் தடித்த உறை ஒன்று, கொழும்பிலிருந்து. அந்தத் துரை அனுப்பியது. இலங்கை முழுவதுமுள்ள மேற்பார்வையாளர்களுக்கு ஒரு கைநூல் வெளியிடுகிறார்களாம், கள்ள இடாப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. என் முறை முதல் அத்தியாயம். பின்னிணைப்பில் ஏழாம் வாய்க்கால் அறிக்கை முழுதாக, மாதிரிக்கு. அச்சுப் பிரதியைப் பார்த்து, ஆட்சேபம் இல்லையென்றால் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். திங்களுக்குள்.

இனி மன்னாரில் ஒருவன், மட்டக்களப்பில் ஒருவன், இடாப்பை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லும், வாயாலை சொல்லும் என்று கேட்கப்போகிறான்.

மறுத்து எழுத இரண்டு தரம் பேனை எடுத்தேன். பதவி உத்தரவும் மேசையில்தான் கிடந்தது. இன்னும் மூன்று மாதம் தகுதிகாண் காலம் என்று அதில் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனோன்மணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அச்சுப் பிரதியைக் காட்டினேன். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. கையால் தடவிப் பார்த்தாள்.

‘அந்தப் பிள்ளையின்ரை பேரும் இதிலை இருக்கோ?’

‘இல்லை. ஒரு பெண் எண்டுதான் இருக்கு.’

‘நீங்கள் என்ன செய்யப்போறியள்?’

பிரதியை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடித்துக் கயிறு கட்டத் தொடங்கினாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி பிழை. திருத்தினேன். ஒப்பமிட்டேன்.